கணினிக்கும் காலாவதித் தேதி உண்டு

"அக்கா, நல்ல ஆண்டிவைரஸா ஒண்ணு சொல்லு" என்றுதான் எல்லாரும் பேச்சைத் தொடங்குவார்கள். கல்மண்டபத்து ஜெராக்ஸ் கடைக்காரரும் அதையே கேட்பார். தம்புச் செட்டித் தெருவில் கப்பல் சரக்குக்கு கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் எடுத்துத் தரும் அலுவலகத்து மேலாளரும் அதையே கேட்பார். நான் திருப்பிக் கேட்பது வேறு: "இந்த கம்ப்யூட்டர்ல ஓடுற விண்டோஸுக்கு எந்தத் தேதி வரைக்கும் அப்டேட் வரும்?" இதற்குப் பதில் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிரெய்லர் லாரி ஓட்டும் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்கள், ராயபுரத்திலிருந்து மண்ணடி வரை பரவிக் கிடக்கும் கிளியரிங் ஏஜென்டுகள், மணலிப் பக்கத்து கன்டெய்னர் யார்டுகளை ஒட்டிய சின்ன அலுவலகங்கள், காசிமேட்டில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறவர்கள், தெருவுக்குத் தெரு ஜெராக்ஸ் கடைகள். இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். இங்கே உப்புக் காற்று மதர்போர்டை அரிக்கும். எண்ணூர்ப் பக்கம் போனால் கரித்தூள் ஃபேனை அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கோளாறு வந்தால் மெஷின் நின்றுவிடும், உடனே போன் வரும். காலாவதியான விண்டோஸ் அப்படி நிற்பதில்லை. நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். "இன்னாக்கா, நல்லாதானே ஓடிக்கினு கீது, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பவருக்குப் புரியவைப்பதுதான் என் தொழிலில் கடினமான வேலை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலேயே நின்றுபோயின. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8. மூன்றையும் எங்கள் பகுதியில் இப்போதும் பார்க்கலாம். எக்ஸ்பியை நான் கடைசியாகப் பார்த்தது ஒரு எடைமேடை அறையில். லாரி எடையை அச்சடித்துத் தருவதற்கு மட்டும் அது போதும். இணையக் கேபிள் அதில் செருகப்படவில்லை என்பதால் நானும் அதைத் தொடவில்லை. செருகியிருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

அப்டேட் நின்றால் என்ன ஆகும்? ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது பல கோடி வரி நிரல். எழுதியவர்கள் மனிதர்கள், அதனால் தவறு இருக்கும். அந்தத் தவறுகளில் சில, வெளியாள் உள்ளே நுழையும் ஓட்டைகளாக அமைந்துவிடும். மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அன்று கண்டறியப்பட்ட ஓட்டைகளுக்கான அடைப்புகளை வெளியிடுகிறது. நமக்கு அது செவ்வாய் இரவு அல்லது புதன். அடைப்பு வெளியான மறுகணமே அதைப் பிரித்துப் பார்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எது அடைக்கப்பட்டது என்று பார்த்தாலே ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். விண்டோஸ் 11-க்கும் 10-க்கும் உள்ளே நிறையப் பகுதிகள் பொது. ஆகவே அந்தப் பொதுப் பகுதிகளுக்கு 11-இல் வரும் ஒவ்வொரு அடைப்பும், அப்டேட் இல்லாத 10-இன் ஓட்டையை ஊருக்குக் காட்டிக்கொடுக்கிறது. காலாவதியான மெஷின் மாதாமாதம் பலவீனமாவது இப்படித்தான்.

இது துறைமுகக்காரர்களுக்கு எட்டாத கதை இல்லை. 2017-இல் நடந்ததைத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் அதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஆண்டு மார்ச் 14 அன்று விண்டோஸில் ஃபைல் பகிரும் பகுதியில் இருந்த ஒரு பெரிய ஓட்டைக்கு அடைப்பு வெளியானது. போட்டுக்கொண்டவர்கள் போட்டுக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து, மே 12 அன்று, அதே ஓட்டை வழியாக வான்னக்ரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகம். நம் ஊர்ப் பக்கமே ஒரகடத்தில் உள்ள ரெனோ நிசான் கார் தொழிற்சாலை பாதிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அடைக்காமல் விட்டவர்கள் ஏராளம். ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தீநிரல் வந்தது. மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் கப்பல் நிறுவனமான மெர்ஸ்கின் குழுமத்தைச் சேர்ந்த சரக்குப் பெட்டி முனையம் ஸ்தம்பித்தது. எந்தப் பெட்டி யாருடையது, எந்த அடுக்கில் இருக்கிறது, எந்தக் கப்பலுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். அது அணைந்தால் கிரேன் இருந்தும் பயனில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நிற்கும் டிரெய்லர்களைத் தினமும் பார்க்கிற எங்களுக்கு, முனையத்தின் கேட் ஒரு நாள் மூடினால் டிரைவரின் பேட்டா, டீசல், கப்பல் கம்பெனிக்குக் கட்டும் தாமதக் கட்டணம் என்று அது எங்கெங்கே போய் இடிக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மெர்ஸ்க் தன் இழப்பை 25 முதல் 30 கோடி டாலர் என்று கணக்கிட்டது. 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்தே நாளில் புதிதாக நிறுவினார்கள் என்று அந்நிறுவனத்தின் தலைவர் அடுத்த ஆண்டு டாவோஸில் சொன்னார். அதிலும் ஒரு தற்செயல் கைகொடுத்தது. யார் யாருக்கு என்ன அனுமதி என்று வைத்திருக்கும் அவர்களுடைய டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் உலகம் முழுக்க அழிந்துவிட்டன. கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் அந்த நேரத்தில் மின்வெட்டு. சர்வர் அணைந்து கிடந்ததால் அது பிழைத்தது. அந்த ஒன்றை வைத்துத்தான் மீண்டார்கள்.

நாட்பெட்யா இன்னொன்றையும் காட்டியது. அது முதலில் நுழைந்தது உக்ரைன் நாட்டு கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாக. அந்தக் கம்பெனியின் சர்வரைக் கைப்பற்றி, அப்டேட்டுக்குள்ளேயே விஷத்தை வைத்திருந்தார்கள். ஒரு மெஷினுக்குள் வந்ததும், அங்கே நினைவகத்தில் கிடந்த நிர்வாகி பாஸ்வேர்டைப் பொறுக்கிக்கொண்டு, ஓட்டை அடைத்த மெஷின்களுக்குள்ளும் புகுந்தது. ஆகையால் அப்டேட் போட்டுவிட்டேன், இனி கவலையில்லை என்று இருக்க முடியாது. தினசரி வேலைக்கு நிர்வாகி கணக்கைப் பயன்படுத்தக் கூடாது. பேக்கப் டிஸ்க் எப்போதும் மெஷினில் செருகிக் கிடக்கக் கூடாது. கானாவில் மின்வெட்டு செய்த வேலையை நாம் தெரிந்தே செய்ய வேண்டும். வாரம் ஒரு முறை டிஸ்கைச் செருகி, நகலெடுத்து, பிடுங்கி, பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

பெரிய கம்பெனிக்குத்தான் இதெல்லாம் என்று நினைக்கிறவர்களுக்கு, 2021 செப்டம்பரில் நம் தலைமைச் செயலகத்தின் பொதுத் துறைக் கணினிகளே பணயத் தீநிரலில் சிக்கியதை நினைவுபடுத்துகிறேன். கேட்ட தொகை 1,950 டாலர். அவ்வளவு சின்னத் தொகை கேட்கிறார்கள் என்றால், சின்ன அலுவலகங்களும் அவர்கள் வலைக்குள் வரும் என்றுதான் அர்த்தம்.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் எதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன்: கிராக் விண்டோஸ். ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வரும் பல மெஷின்களில் அதுதான் இருக்கிறது. காசு மிச்சம் என்று வாங்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரிஜினல் விண்டோஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரருக்குப் பெரிய செலவு. ஆனால் அந்த கிராக் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். முதலில் ஆண்டிவைரஸை அணைக்கச் சொல்லும். பிறகு யாரென்றே தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்கு முழு நிர்வாகி அதிகாரம் கொடுக்கச் சொல்லும். கே.எம்.எஸ்.பிகோ என்ற பிரபலமான கிராக்கின் பெயரில் சுற்றிய நிறுவல் ஃபைல்களுக்குள் கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் இருந்ததை 2021-இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ பணப்பைகளையும் அள்ளிக்கொண்டு போகும் நிரல் அது. வீட்டுச் சாவியைத் திருடனிடமே கொடுத்துவிட்டு ஆண்டிவைரஸ் எது நல்லது என்று கேட்டால் நான் என்ன சொல்வது? ஒரிஜினல் விண்டோஸ் வைத்திருப்பவருக்கு அதோடு வரும் டிஃபெண்டரே போதும். தனியாகக் காசு கட்டி வேறு வாங்கத் தேவையில்லை.

காசு இல்லாவிட்டால் கிராக் தேவையில்லை, லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது. இதைச் சொன்னால் சிலர் புதிதாக ஏதோ கேட்பது போலப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதே அல்ல. 2006-07 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோதே அந்த நிறுவனம் சூசி லினக்ஸுக்கு மாறியது. 2007-இல் வெளிவந்த பாஸ் லினக்ஸ், நம் சென்னையில் சி-டாக் மையத்தில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவானது. 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டுமே போட்டுக் கொடுத்தார்கள். எக்ஸ்பி காலாவதியான 2014-இல், அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று மாநில அரசு உத்தரவே போட்டது.

பிறகு ஏன் நம் வீடுகளில் அது தங்கவில்லை? லேப்டாப் வந்த வீடுகளுக்குப் போயிருக்கிறேன். பையன் முதலில் திறப்பது விண்டோஸ் பக்கம், ஏனென்றால் பக்கத்து வீட்டு அண்ணன் கேம் போட்டுத் தரத் தெரிந்துவைத்திருந்தது அதில்தான். லினக்ஸ் பக்கத்தை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இடம் போதவில்லை என்று அதை அழித்துத் தரச் சொல்லிக் கடைக்குக் கொண்டுவருவார்கள். மென்பொருளைக் கொடுத்தார்கள், கற்றுக்கொடுக்க ஆள் வைக்கவில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் முழுதும் லினக்ஸ் பழகியிருந்தால் இன்று இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

மூடியில் அன்றைய முதல்வர் படம் போட்ட அந்த லேப்டாப்கள் இன்றும் எங்கள் தெருக்களில் உயிரோடு இருக்கின்றன. விண்டோஸ் 11 அவற்றில் ஏறாது. அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய 2018-க்குப் பிறகு வந்த எட்டாம் தலைமுறை பிராசசர் வேண்டும். 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் வேண்டும். சில சர்வீஸ்காரர்கள் இந்தச் சோதனையை ஏமாற்றிப் பழைய மெஷினிலும் 11-ஐ ஏற்றித் தருகிறார்கள். அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் தருவதற்குப் பொறுப்பில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்? நான் அந்த வேலையை எடுத்துக்கொள்வதில்லை.

அந்த மெஷின்களுக்கு நான் போட்டுத் தருவது லினக்ஸ் மின்ட். பாஸ் லினக்ஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் விண்டோஸ் பழகிய கைக்கு மின்ட் சட்டென்று படிகிறது. ஸ்டார்ட் பட்டன் இருந்த மூலையிலேயே மெனு, கடிகாரம் இருந்த மூலையிலேயே கடிகாரம். அப்டேட் வந்தால் கீழே ஒரு கேடயச் சின்னம் காட்டும், அழுத்தினால் போதும். மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. 2 ஜிபி ராம் இருந்தாலே ஓடும், 4 இருந்தால் சௌகரியம். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய லேப்டாப்பா இது என்று கேட்பார்கள். மாற்றுவதற்கு முன்னால் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். மெஷினில் உள்ள எதையும் அது தொடாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிரிண்டரை அவசியம் பாருங்கள். எங்கள் பக்கத்து அலுவலக மேசைகளில் அடிக்கடி காணும் ஒரு சின்ன லேசர் பிரிண்டர் லினக்ஸோடு ஒத்துப்போவதே இல்லை.

லினக்ஸில் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது? மென்பொருளை இணையத்தில் தேடி எங்கோ ஒரு 'டவுன்லோட்' பட்டனை அழுத்த வேண்டியதில்லை, அந்தந்த லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் விண்டோஸ் தீநிரல் அதில் ஓடாது. பென்டிரைவில் ஃபோல்டர்களையெல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றிவிடும் வைரஸ் ஒன்று உண்டு, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பென்டிரைவை லினக்ஸில் செருகினால் ஃபைல்கள் அப்படியே தெரியும், வைரஸ் செத்துக் கிடக்கும். அதற்காக லினக்ஸுக்கு வினையே வராது என்று நான் சொல்லமாட்டேன். 2024 மார்ச்சில், எக்ஸ்.இசட். என்ற சுருக்குக் கருவிக்குள் யாரோ ரகசியக் கதவு வைத்திருந்ததை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். லாக்இன் அரை விநாடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டுக் குடைந்ததில் சிக்கியது. நிரல் எல்லாரும் பார்க்கத் திறந்திருந்ததால் அவரால் குடைய முடிந்தது. அந்த விஷம் அப்போது சோதனைப் பதிப்புகளில்தான் இருந்தது, டெபியனின் நிலையான பதிப்பை எட்டவில்லை. அதனால்தான், புத்தம் புதியது வேண்டும் என்று ஓடாமல் நீண்டகால ஆதரவுள்ள நிலையான பதிப்பையே போடச் சொல்கிறேன்.

ஆனாலும் எல்லாரையும் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று சொல்ல என்னால் முடியாது. டாலி விண்டோஸில் ஓடுவது. வானவில் எழுத்துருவில் வருடக்கணக்கில் மனு அடித்த டைப்பிஸ்ட் அம்மாவின் விரல் அந்த விசைப்பலகையிலேயே பழகிவிட்டது. கிளியரிங் ஏஜென்டுகள் ஷிப்பிங் பில், பில் ஆஃப் என்ட்ரி போட்டு டிஜிட்டல் கையெழுத்து வைக்கும் டோக்கன், அதன் டிரைவர், அதோடு பேசும் மென்பொருள் எல்லாம் பெரும்பாலும் விண்டோஸை நம்பி எழுதப்பட்டவை. அந்த மெஷினுக்கு ஒரிஜினல் விண்டோஸ் 11-தான். அதற்குச் செலவு செய்யத்தான் வேண்டும். வீட்டில் விண்டோஸ் 10 வைத்திருந்து உடனே மாற முடியாதவர்களுக்கு, நீட்டித்த அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு வேண்டாம். அது அவகாசம் மட்டுமே.

கையெழுத்து டோக்கனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காலையில் செருகினால் இரவு வரை மெஷினிலேயே இருக்கும், பின் நம்பரை ஸ்டிக்கரில் எழுதி அதன் மேலேயே ஒட்டியிருப்பார்கள். முதலாளியின் கையெழுத்து அது. கையெழுத்துப் போட்டதும் பிடுங்குங்கள். அதுபோலவே, மென்பொருள் சர்வீஸுக்காக ஒரு முறை போட்ட எனிடெஸ்க் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் செயலியை வேலை முடிந்ததும் நீக்குங்கள். அந்தச் செயலியை வைத்து வங்கிப் பணம் திருடுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2019-இல் எச்சரித்தது.

இரண்டு வேலைகளை ஒரே மெஷினில் சேர்க்காதீர்கள் என்பது நான் ஓயாமல் சொல்வது. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையச் செய்தி வந்தபோது எல்லாரும் பயந்தோம். ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. ஆனால் அது இணையத்தோடு இணைந்த, நிர்வாக வேலைக்கான நெட்வொர்க்கில் இருந்த கணினி. முக்கியமான உள் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்றும் சொன்னது. உங்கள் அலுவலகத்திலும் அந்தப் பிரிவினை வேண்டும். பணம் கட்டும், கையெழுத்து வைக்கும் மெஷினில் யூடியூப் வேண்டாம், படம் டவுன்லோட் வேண்டாம், வாட்ஸ்அப் வெப்பில் வரும் ஃபைலைத் திறக்க வேண்டாம். இ-வே பில், மெயில், மற்றதெல்லாம் பக்கத்து மேசையில் உள்ள லினக்ஸ் மெஷினில் நடக்கட்டும்.

பிரௌசர் விஷயத்தில் மக்களுக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது: இன்று வழக்கத்தில் உள்ளவை பெரும்பாலும் நன்றாகவே கட்டப்பட்டவை. கப்பலின் அடிப்பகுதியைத் தனித்தனி அறைகளாகத் தடுத்திருப்பார்கள், ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்ற அறைகள் மிதக்கும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் ஒவ்வொரு தளத்தையும் அப்படித் தனி அறையில் அடைத்துத்தான் திறக்கின்றன. குரோமில் இது 2018-இலும் ஃபயர்ஃபாக்ஸில் 2021 கடைசியிலும் எல்லாருக்கும் வந்தது. ஒரு டேபில் திறந்த மோசமான தளம், பக்கத்து டேபில் இருக்கும் வங்கியைத் தொட முடியாதபடி செய்வது இந்தத் தடுப்புதான். தடுப்பிலும் ஓட்டை கண்டுபிடிப்பார்கள், அதற்கும் அப்டேட் வேண்டும். குரோம் 2023 ஆகஸ்ட் முதல் வாரந்தோறும் பாதுகாப்பு அப்டேட் தருகிறது. ஆனால் பிரௌசரை மூடித் திறந்தால்தான் அது அமலுக்கு வரும். ஜெராக்ஸ் கடையில் காலை திறந்த பிரௌசரை யார் மூடுகிறார்கள்? மேல் வலது ஓரத்தில் அப்டேட் இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும், கூட்டம் கூட்டமாக டேப்கள் திறந்தபடி இருக்கும். இரவு கடை மூடும்போது பிரௌசரையும் மூடுங்கள், அது போதும்.

விண்டோஸ் 7, 8 வைத்திருப்பவர்களுக்கு குரோம் 109-தான் கடைசி. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் அவற்றில் ஏறாது.

எது நல்லது என்று பிடிவாதமாகக் கேட்டால் நான் ஃபயர்ஃபாக்ஸைச் சொல்வேன், காரணம் விளம்பரம். 'வங்கி கஸ்டமர் கேர்' என்று தேடினால் மேலே வரும் விளம்பரமே திருடனுடையதாக இருக்கலாம். 'டவுன்லோட்' என்று பச்சையாக மின்னுவதும் விளம்பரமாக இருக்கலாம். யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி ஃபயர்ஃபாக்ஸில் முழு பலத்தோடு இயங்குகிறது. குரோம் தன் விதிகளை மாற்றியபின் அங்கே அதன் லைட் வடிவம்தான் கிடைக்கிறது. அது ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். இந்த ஒரு நீட்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கத்தையும் படிக்கும் அனுமதியை நீட்சிகள் கேட்டு வாங்கிக்கொள்கின்றன, நல்ல நீட்சியே பின்னால் கைமாறிப் போவதும் உண்டு.

உலா பிரௌசர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நம் சோஹோ நிறுவனம் 2023-இல் வெளியிட்டது. மத்திய அரசு நடத்திய இந்திய பிரௌசர் போட்டியில் 2025-இல் முதல் பரிசு ஒரு கோடி ரூபாய் வாங்கியது. பெருமைதான், நானும் வைத்திருக்கிறேன். குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் மேல்தான் அதுவும் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே குரோமியத்தில் ஓர் ஓட்டை அடைக்கப்பட்டால் அந்த அடைப்பு எவ்வளவு சீக்கிரம் உலாவுக்கு வந்து சேர்கிறது என்பதைப் பாருங்கள். இந்த அளவுகோலை எந்தப் பிரௌசருக்கும் வைக்கலாம். ஒரு காலத்தில் இந்தியாவில் எல்லார் போனிலும் இருந்த யூ.சி. பிரௌசரைப் பயனர் தகவலைக் கசியவிடுகிறது என்று கனடாவின் சிட்டிசன் லேப் 2015-இலேயே சுட்டிக்காட்டியது. வேகமாக இருக்கிறது, டேட்டா மிச்சம் என்று நாம் விடவில்லை. 2020 ஜூன் 29 அன்று அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோதுதான் அது போனது.

முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால் தளம் நல்லது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நடுவழியில் யாரும் படிக்க முடியாது என்று மட்டுமே அதற்குப் பொருள். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்று பூட்டு சொல்லாது. இந்தக் குழப்பத்தால் 2023-இல் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

ஜெராக்ஸ் கடைக்காரர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் மெயிலைத் திறக்க வேண்டும் என்றால் குரோமில் விருந்தினர் சாளரம் திறந்து கொடுங்கள். மூடியதும் லாக்இன் போய்விடும். டவுன்லோட் ஃபோல்டரை மட்டும் நீங்கள்தான் அழிக்க வேண்டும். அதில் கிடக்கும் ஆதார் பி.டி.எஃப்-இன் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். ஊரே அறிந்த பாஸ்வேர்டு அது. அச்சடித்ததும் அழித்துவிடுங்கள், உங்களை நம்பிக் கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்து வீட்டு அம்மாக்கள்.

எங்கள் பகுதியில் பாதிப் பேருக்கு மேல் கம்ப்யூட்டரே போன்தான். செட்டிங்ஸில் 'ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட்' என்ற வரியில் ஒரு தேதி இருக்கும். அது ஒரு வருடம் பழையதாக இருந்தால் அந்த போனில் ஜிபே வைக்காதீர்கள். புதிது வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன் எத்தனை வருடம் அப்டேட் என்று கேளுங்கள். சில மாடல்களுக்கு ஏழு வருடம் வரை தருகிறார்கள். டிரெய்லர் டிரைவர்களுக்கு 'ஆர்.டி.ஓ. சலான்' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபைலின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் தொடாதீர்கள். அதை நிறுவினால் ஓ.டி.பி. செய்திகள் திருடனுக்குப் போய்விடும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு நேரம் கடத்தாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு. சென்னை ஐஐடி ஆதரவில் உருவான பார்ஓஎஸ் பற்றியும் கேட்கிறார்கள். 2023-இல் அறிவித்தார்கள், நாம் கடையில் வாங்கி நம் போனில் போட்டுக்கொள்ளும் நிலையில் அது இல்லை.

கடைசியாக, அரசிடம் ஒரு கோரிக்கை. பாஸ் லினக்ஸை உருவாக்கியது அரசு நிறுவனம். அந்தப் பணம் நம் வரிப்பணம். கஸ்டம்ஸ், ஜி.எஸ்.டி., கம்பெனி பதிவு என்று எந்த அரசுத் தளத்துக்கும் கையெழுத்து வைக்கும் டோக்கனும் அதன் டிரைவரும் பாஸ் லினக்ஸில் அப்படியே வேலை செய்ய வேண்டும் என்று விதி வையுங்கள். செய்யாத டோக்கனுக்கு விற்பனை அனுமதி தராதீர்கள். நிறுவும் முறையைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் போடுங்கள். அதைச் செய்துவிட்டால், லிங்கிச் செட்டித் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் கிராக் விண்டோஸில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களை மாற்றித் தர நானும் என்னைப் போன்ற சர்வீஸ்காரர்களும் தயாராக இருக்கிறோம்.